வைரவருக்கு உப்பு ஆகாது

சறோஜினிதேவியைக் கனடாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவது என்று அவரது குடும்பம் ஒருமனதாகத் தீர்மானித்திருந்தது. அந்தக் குடும்பத்தில் வேறு எந்த விடயத்திலும் ஒருமனம் ஏற்பட்டதாக ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. தகப்பனாரின் செத்தவீட்டில் பறை பிடிப்பதா பாண்ட் பிடிப்பதா என்பதிலேயே மூன்று கட்சி. ஆனால் இந்த விடயத்தில் கனடாவின் ஸ்காபரோவில் இருந்த அண்ணர் அரியநாயகமும் பாரிசில் இருந்த தம்பியும் சுவிசில் இருந்த தங்கச்சியும் ஒரே குரலில் பேசினார்கள். சறோஜினிதேவியிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான வேலணையில், குறிகட்டுவானுக்குப் போகிற வீதியோரத்தில் வீடு. கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து இளைப்பாறியவர் என்பதால் ஊருக்கு இன்றும் அவர் சங்கக்கடை அக்காதான். கலியாணம் நடக்கவில்லை. சாதகம் பொருந்தி வந்தபோது யுத்தம் வந்தது, யுத்தம் ஓய்ந்தபோது சாதகம் பொருந்தவில்லை, இரண்டும் ஒத்துவந்தபோது அவருக்கு அந்த எண்ணமே ஓய்ந்திருந்தது. "பாவம், தனியக் கிடக்கிறா" என்று ஊர் சொல்லும். அவரோ கதவைச் சாத்திக்கொண்டு தேநீரை ஊற்றிக் கதிரையில் உட்காருகிற நேரங்களில், தன்னைப்போலப் பாக்கியசாலி தீவுப்பகுதியிலேயே கிடையாது என்று நினைத்துக்கொள்வார்.

அந்தத் தேநீருக்கு ஒரு வரலாறு உண்டு. கொழும்பில் கடை வைத்திருந்த தகப்பனார், இந்த வீட்டு வளவை வாங்கியதும் முதலில் வெட்டியது குளம். பிறகு கிணறு. வீடு மூன்றாவதாகத்தான் வந்தது. தீவில் எங்கே தோண்டினாலும் கடல் கீழே காத்துக்கொண்டிருக்கும். மழைத்தண்ணீர் குளத்தில் நின்று ஊறினால்தான் பக்கத்துக் கிணற்றில் நல்ல தண்ணீர் மேலே நிற்கும், உவர் கீழே அடங்கிக் கிடக்கும். சுற்றவர உள்ள கிணறுகள் எல்லாம் குளிக்க மட்டும் ஆன காலத்திலும் அந்த ஒரு கிணறு இனித்தது. குளத்தின் மேல்கரையில், பூவரச மரத்தடியில், தகப்பனார் ஒரு வைரவரையும் வைத்தார். ஒரு சூலமும் அதற்கு மேல் ஓர் ஓட்டுக் கூரையும், அவ்வளவுதான் கோயில். தண்ணீருக்குக் காவல் இருக்கட்டும் என்பது அவருடைய எண்ணம்.

கனடாவைச் சறோஜினிதேவி பார்க்காமல் இல்லை. ஒருமுறை ஆறு மாதம் போயிருந்தார். அண்ணரின் பேரப்பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்தது, யன்னலால் பனியைப் பார்த்தது, குழாய்த் தண்ணீரில் போட்ட தேநீரை மருந்துபோலக் குடித்தது ஆகிய மூன்றுதான் அவருடைய கனடா. திரும்பி வந்த அன்று பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளினார்.

"அட்டையைப் பிடிச்சு மெத்தையில விட்டாலும் அது குப்பைக்குத்தான் போகுமாம்," என்று தொலைபேசியில் அரியநாயகம் சொன்னார். "உன்ர குணம் அதுதான், சறோ. இஞ்ச உனக்கு அறை இருக்கு, ஹீற்றர் இருக்கு, சுத்தி நாங்கள் இருக்கிறம். அங்கை ஆர் இருக்கினம்?"

"வைரவருக்கு விளக்கு வைக்க ஆள் வேணும் அண்ணை."

"விளக்கு வைக்கக் கோயில் வேணும். கோயிலுக்குச் சனம் வேணும். நீயும் காகமும்தானே அங்கை போறது. வருசத்துக்கு ஒரு பத்துச் சனம் வந்து கும்பிட்டால் நான் வாயே திறக்கமாட்டன். சூலத்தைக் கொண்டுபோய் அம்மன் கோயில்ல ஒரு மூலையில வைச்சிட்டு ஆயத்தமா இரு. மாசியில வாறன், கையோட கூட்டிக்கொண்டு போறன்."

சறோஜினிதேவிக்கு எதிர்த்துப் பேசத் தெரியாது. சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு முண்டியடித்த சனத்தை ஒரு பார்வையில் வரிசையாக்கியவர்தான், ஆனாலும் அண்ணர் குரலை உயர்த்தினால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்று விளக்கு வைக்கும்போது அவர் வைரவரிடம் கேட்டது வழக்கமான உடல்சுகமோ ஊர்சுகமோ அல்ல. பத்துச் சனம் கேட்டார். கேட்கும்போதே வெட்கமாக இருந்தது, சங்கக்கடைக்கு ஆள் பிடிக்கிற மாதிரி.

ஐப்பசி முடியக் குளம் நிரம்பியது. கார்த்திகையில் காட்டு வாத்துகளான தாராக்கள் வந்தன. வருடாவருடம் வருகிறவைதான். வடக்கே எங்கேயோ குளிருக்குத் தப்பி வந்து, மாசி பங்குனிவரை தங்கிப்போகும். கூடவே நாமக்கோழிகளும் முக்குளிப்பான்களும் சேர்ந்துகொள்ளும். குளிருக்குப் பயந்து இங்கே வருகிற இந்தச் சாதிசனங்களில்தான் சறோஜினிதேவிக்குப் பற்று அதிகம். தன்னுடைய சாதிசனம் எல்லாம் எதிர்த்திசையில் போயிருந்தது.

அந்த வருடம் தாராக்களிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. மேய்ந்துகொண்டிருக்கும் ஒரு தாரா திடீரென்று நின்று கழுத்தை உயர நீட்டும். தலையை இரண்டு மூன்று தரம் வெட்டிவெட்டி ஆட்டும். அலகைத் தண்ணீரில் தோய்த்து எடுக்கும். பிறகு ஒரு காலைத் தூக்கி முகத்தோரத்தைச் சொறியும். அது முடிய அடுத்த தாரா தொடங்கும். தடிமன் சளியாக்கும் என்று நினைத்துக்கொண்டு சறோஜினிதேவி தன் வேலையைப் பார்த்தார். அவர் நினைத்தது கிட்டத்தட்டச் சரி என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

நயினாதீவு அம்மனிடம் போகிற சனத்தை யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஏற்றி இறக்குகிற வான்காரன் நிரோஜன். ஒரு பின்னேரம் வான் எஞ்சின் கொதித்துவிட்டது என்று சறோஜினிதேவியின் கிணற்றடிக்குத் தண்ணீர் கேட்டு வந்தான். அவர் அப்போதுதான் வைரவருக்கு விளக்கேற்றி மணியடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உதுகள் என்ன செய்யுதுகள்?"

"எதுகள்?"

"தாராவள். நீங்கள் மணி அடிக்க அடிக்க உதுகள் கும்பிடுதுகள். அங்கை பாருங்கோ, ஒண்டு தோப்புக்கரணம் போடுது."

சறோஜினிதேவி மணியடிப்பதை நிறுத்தவில்லை, பூசை பாதியில் நிற்கக்கூடாது. நிரோஜன் கைபேசியை எடுத்தான். கழுத்தை நீட்டிய தாரா, அதற்குப் பின்னால் சூலம், விளக்கு, மணிச்சத்தம் எல்லாம் ஒன்றாக விழுந்தன. வானுக்கு ஊற்ற வந்த தண்ணீரை மறந்துவிட்டு, நின்ற இடத்திலேயே அவன் அந்த வீடியோவை உலகத்துக்கு அனுப்பிவிட்டான். "தாராக்கள் கும்பிடும் வைரவர்" என்று பெயரும் போட்டான்.

பிறகு நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. ஒரு நாகம் கடலில் பூக்கொண்டுபோய் நயினாதீவு அம்மனை வழிபட்ட கதையைப் பாலோடு குடித்து வளர்ந்த ஊர்கள் இவை. அந்த வழியில் இருக்கிற ஒரு குளத்தில் தாரா கும்பிட்டால் நம்புவதற்கு யாருக்கு என்ன கஷ்டம்? வான்கள் நின்றன, பிறகு பஸ்கள் நின்றன. தோப்புக்கரணம் பிள்ளையாருக்கு அல்லவா, வைரவருக்கு ஏன் போடுகின்றன என்று ஒருவர் நியாயமான சந்தேகம் கேட்டார். வெளிநாட்டுத் தாராக்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்று இன்னொருவர் அதைவிட நியாயமாக விளக்கினார். வைரவருக்கு நாள்தோறும் வடைமாலை விழுந்தது. அந்தச் சூலத்தின் வாழ்நாளில் அது கண்ட மாலை எல்லாவற்றையும்விட ஒரு கிழமையில் கண்டது அதிகம்.

அரியநாயகம் தொலைபேசி எடுத்தார்.

"சறோ, நீ ஒரு இடமும் போகக்கூடாது. வைரவர் உன்னை நம்பித்தான் இருக்கிறார்."

"அப்ப மாசியில?"

"மாசியில வாறன்தான். கும்பிட வாறன். இஞ்ச எல்லாரும் கேக்கினம், உங்கட கோயிலோ உங்கட கோயிலோ எண்டு. அப்பா கட்டினதெண்டு சொல்லியிருக்கிறன். நான் சின்னனில கல்லுச் சுமந்தனான் எண்டும் சொல்லிப்போட்டன்."

சறோஜினிதேவி தொலைபேசியை வைத்துவிட்டுத் தேநீர் ஊற்றினார். அன்றைய தேநீர்போல ஒரு தேநீர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கேட்டது பத்துச் சனம், வைரவர் கொடுத்தது பஸ் கணக்கில்.

மார்கழியில் ஒரு காலை. குளத்துப் படியில் ஒரு தாரா ஒதுங்கிக் கிடந்தது. கிட்டப் போனபோதும் பறக்கவில்லை. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது, ஒரு கண் வீங்கிப் புடைத்திருந்தது. சறோஜினிதேவி அதைத் தூக்கி மடியில் வைத்தார். அப்போது அதன் மூக்குத் துவாரத்திலிருந்து ஏதோ ஒன்று பச்சையும் கபிலமுமாக எட்டிப்பார்த்து, நெளிந்து, திரும்ப உள்ளே போயிற்று. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. சிறுவயதிலிருந்தே அட்டை என்றால் அவருக்கு ஆகாது. ஆனாலும் தாராவைக் கீழே போடவில்லை. ஒரு துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறி மிருக வைத்தியரிடம் போனார்.

வினோஜா என்ற அந்த மிருக வைத்தியர் இளம்பெண். தாராவின் மூக்கில் சொட்டுச் சொட்டாக உப்புத்தண்ணீர் விட்டுக் காத்திருந்து, சிறிய சாமணத்தால் அட்டையை மெல்ல வெளியே எடுத்தார். ஒன்றல்ல, மூன்று வந்தன.

"மூக்குக்குள்ள இருந்து இரத்தம் குடிக்கும் அன்ரி. வயிறு நிரம்பினால் தானா இறங்கிப்போய்க் கல்லுக்குக் கீழ ஒட்டிக்கொண்டு குஞ்சு வளக்கும். தாராவளைத்தான் கூடப் பிடிக்கிறது. நாமக்கோழி, முக்குளிப்பானையும் விடாது. கனக்கச் சேர்ந்தால் மூச்சு அடைச்சுச் சாகும், கண்ணுக்குள்ளயும் போகும். எங்களுக்கு ஒண்டும் செய்யாது, பயப்பிடாதேங்கோ."

"அப்ப உதுகள் தலையை ஆட்டுறது?"

"மூக்கு அடைச்சால் நீங்கள் என்ன செய்வியள்? அதைத்தான் அதுகளும் செய்யுது." வினோஜா கையைக் கழுவிக்கொண்டே சிரித்தார். "நானும் வீடியோ பாத்தனான். அம்மாதான் அனுப்பினவ. நான் வீட்டில வாயே திறக்கேல்ல. போன கிழமை அம்மாவை உங்கட கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்ததும் நான்தான்."

"உப்பு விட்டால் கழண்டிடுமோ?"

"உப்பு அட்டைக்கு ஆகாது அன்ரி."

சறோஜினிதேவி வீடு வந்து சேர்ந்தார். அன்று மாலையும் சனம் கரை கொள்ளாமல் நின்றது. மணியடித்தார். தாராக்கள் கழுத்தை நீட்டித் தலையை ஆட்டின. கைகள் எல்லாம் கூப்பப்பட்டன. "எங்களுக்கு இல்லாத பக்தி," என்று ஒரு தாய் கண்ணைத் துடைத்தார். சறோஜினிதேவிக்குத் தன் மூக்குக்குள்ளேயே ஏதோ ஊர்வதுபோல இருந்தது. மறுநாள் மணியை அடிக்காமல் விட்டுப் பார்த்தார். தாராக்கள் மணியில்லாமலும் ஆட்டின. மணி கேட்காமலே தாமாக வழிபடுகின்றன என்று அதற்கு இன்னும் ஒரு படி புகழ் கூடியது.

அவருக்கு விளங்காமல் இல்லை. அட்டை இருக்கும்வரை தாரா கும்பிடும், தாரா கும்பிடும்வரை சனம் வரும், சனம் வரும்வரை அண்ணர் வாய் திறக்கமாட்டார். ஆக, தான் இந்த வளவில் குடியிருப்பது தாராக்களின் மூக்கில் அட்டை குடியிருப்பதால்தான். இந்தக் கணக்குத் தெளிவாக விளங்கியபிறகும் அவர் ஒரு கிழமை பேசாமல் இருந்தார். அந்த ஒரு கிழமையும் சோறு இறங்கவில்லை.

பிறகு ஒரு தாரா படியிலேயே செத்துக் கிடந்தது, அலகு திறந்தபடி. முதல் வானில் வந்த சனம் அதைக் கண்டது. "வைரவர் காலடியில மோட்சம் எடுத்திட்டுது," என்று பூப்போட்டார்கள். சறோஜினிதேவிக்குக் கோபம் வந்தது. சனத்தின் மேல் வந்த கோபமா தன் மேல் வந்த கோபமா என்று அவருக்கே பிரிக்க முடியவில்லை. தாராவைப் பூவரசடியில் புதைத்தார். சனம் கலைந்த மத்தியான நேரத்தில் குசினிக்குள் இருந்த உப்புப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, படியோரத்துக் கற்களின் மேல் முழுவதையும் கொட்டினார். ஒரு பை உப்பு இவ்வளவு பெரிய குளத்தை என்ன செய்துவிடும் என்று நினைத்தார். ஒரு பை ஒன்றும் செய்யாதுதான்.

ஆனால் பக்கத்து வளவு இரஞ்சிதம் வேலியால் பார்த்துவிட்டார்.

"என்ன அக்கா, நேர்த்திக்கடனோ?"

உடம்பில் பாலுண்ணி வந்தால் கோயில் தீர்த்தத்தில் உப்புக் கரைத்துவிடுவது பழைய வழக்கம். உப்புக் கரைய உண்ணியும் கரையும் என்பார்கள். சறோஜினிதேவி அந்த வழக்கத்தை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ஓம், பாலுண்ணி."

"எங்க?"

"முதுகில. காட்டேலாது."

இரஞ்சிதத்துக்குக் கழுத்தில் உண்மையாகவே ஒன்று இருந்தது. அடுத்த நாள் அவரும் ஒரு பை கொண்டுவந்தார். அதை வானில் வந்த சனம் கண்டது. இந்த வைரவருக்கு உப்புத்தான் நேர்த்தி என்று நிரோஜன் அறிவித்தான். வானிலேயே உப்புப் பைகளை ஏற்றிக்கொண்டும் வரத் தொடங்கினான். தீவுச்சனம் நல்ல தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் லொறியைப் பார்த்து வீதியில் வாளி அடுக்குகிற சனம். அதே சனம் வரிசையில் நின்று நல்ல தண்ணீருக்குள் உப்பைக் கொட்டிவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டது.

தைப்பொங்கல் கழிய, தாராக்கள் தலையாட்டுவதை விட்டுவிட்டன. சுகமாக மேய்ந்தன, சுகமாக நீந்தின, மணி அடித்தால் திரும்பியும் பார்க்கவில்லை.

"அக்கா, வானுக்குள்ள சனம் என்னை ஏசுது," என்றான் நிரோஜன். "இவ்வளவு தூரம் வந்தால் தாராவள் சும்மா திண்டுகொண்டு நிக்குதுகள். என்ன குற்றம் நடந்தது?"

சறோஜினிதேவிக்குப் பொய் இருப்பில் இல்லை, இருந்த ஒன்றைப் பாலுண்ணியில் செலவழித்துவிட்டார். ஆகவே உண்மையைச் சொன்னார். "அதுகள் கும்பிடேல்ல தம்பி. மூக்குக்குள்ள அட்டை இருந்தது. அந்த வருத்தத்திலதான் ஆட்டினதுகள். உப்புப் போட அட்டை செத்துப்போச்சு, வருத்தம் மாறியிட்டுது. அவ்வளவுதான்."

நிரோஜன் தாராக்களை ஒருதரம் திரும்பிப் பார்த்தான். சறோஜினிதேவி தன் கனடாப் பெட்டியை மனக்கண்ணில் கண்டார்.

"அப்ப அதுகள் மூக்கு வருத்தத்துக்கு நேர்த்தி வைச்சுத்தான் வந்திருக்குதுகள்," என்று அவன் சொன்னான், மெல்லிய குரலில். "வைரவர் மாத்திப்போட்டார்."

 அன்றிலிருந்து மூக்கடைப்புக்காரர் வந்தார்கள். பீனிசக்காரர், தும்மல்காரர், தூசி ஒத்துக்கொள்ளாதவர், குறட்டை விடுகிற புருசனை இழுத்துக்கொண்டு வந்த பெண்சாதி என்று ஒரு புதுக்கூட்டம். ஆளுக்கொரு பை உப்பு.

மாசியில் அரியநாயகமும் வந்தார். கனடாவில் முதல் பனி கண்ட நாள் தொட்டு அவருக்குப் பீனிசம். பஞ்சாங்கத்தையும் மருந்துப் பட்டியலையும் சமமாக நம்புகிறவர். வந்த அன்றே குளத்தில் முழுகி, கையால் உப்பைக் கரைத்து, ஈரவேட்டியோடு நின்று மூச்சை உள்ளே இழுத்தார். மூக்குத் திறந்துகொண்டது. தீவு வெயிலுக்கும் கடற்காற்றுக்கும் யாருடைய மூக்கும் திறக்கும்தான், அந்தப் பேச்சை அங்கே யார் எடுப்பது?

"சறோ, பூவரசம் பூ மணக்குது," என்றார் அவர். முப்பது வருடத்துக்குப் பிறகு மணம் பிடித்த மனிதரின் கண் கலங்கியது. அந்தக் கலக்கம் உண்மையானது.

சறோஜினிதேவிக்கும் மனம் நெகிழ்ந்தது. அண்ணருக்கு நல்ல தேநீர் கொடுக்கவேண்டும் என்று குசினிக்குள் போனார். கொஞ்சக் காலமாகவே அவருடைய தேநீரில் சீனி ஒரு கரண்டி கூடிக்கொண்டு வந்தது. ஏன் என்று அவர் தேடவில்லை, தேடினால் கிடைத்துவிடும் என்ற பயம். அண்ணர் சீனி குறைத்துக் கேட்பார். குறைத்துப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

அரியநாயகம் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார். "சீனி எண்டு உப்பைப் போட்டிட்டியோ?"

சறோஜினிதேவி கிணற்றடிக்குப் போனார். வாளியில் அள்ளி, கையில் ஏந்தி, வாயில் வைத்தார். துப்பவில்லை, விழுங்கினார். பிறகு கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து அழுதார். தகப்பனாரும் தாயாரும் போனபோதுகூட அவர் இப்படி வாய்விட்டு அழுததில்லை. உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். இங்கே உப்பைக் கொட்டியவர்கள் வானேறிப் போய்விட்டார்கள், குடிக்கவேண்டியவர் இவர் ஒருவர்தான்.

"நான் உன்னை இனிக் கட்டாயப்படுத்தேல்ல," என்றார் அரியநாயகம். மூக்குத் திறந்த நன்றியில் குரல் இதமாக இருந்தது. "ஆனால் தண்ணியில்லாத இடத்தில ஆர் இருக்கேலும்? வாற மாரி பாப்பம். அதுக்குப் பிறகும் உவரெண்டால் நான் ரிக்கற் போடுறன். சரியோ?"

"ஓம் அண்ணை," என்றார் சறோஜினிதேவி.

குளத்தடியில் 'உப்புப் போட வேண்டாம்' என்று ஒரு பலகை நட்டார். சனம் அதை வாசித்துவிட்டு, மரியாதையாகப் பலகைக்கு அந்தப் பக்கம் போய் உப்புக் கொட்டியது. தண்ணீர் பழுதாகிறது என்று வாயாலும் சொல்லிப் பார்த்தார். கடவுளின் தீர்த்தம் பழுதாகுமோ என்று திருப்பிக் கேட்டார்கள். உண்மைக்கு இந்த ஊரில் இருக்கிற மதிப்பை அவர் ஏற்கெனவே கண்டிருந்தார். ஆகவே ஒருநாள் இரஞ்சிதத்தை வேலியோரம் கூப்பிட்டார்.

"கனவு கண்டனான் இரஞ்சிதம். வைரவருக்குப் பிறசராம்."

"ஐயோ. கூடவோ?"

"கூடத்தானாம். உப்பு ஒண்டும் ஆகாதெண்டு சொல்லிப்போட்டார்."

இரஞ்சிதம் நெஞ்சில் கையை வைத்தார். அவரும் இரத்த அழுத்தத்துக்குக் குளிசை போடுகிறவர். ஊரில் ஐம்பது தாண்டிய எவரும் குளிசை போடுகிறவர்தான். பலகையும் கெஞ்சலும் செய்யாததை அந்த ஒரு சொல் செய்தது. மறுநாளே உப்பு நின்றது. வைரவருக்கு உப்பில்லாத வடையில் மாலை வந்தது. அந்த வடையைத் தின்று பார்த்த காகங்கள் மட்டும் அபிப்பிராயம் சொல்லாமல் பறந்துபோயின.

பங்குனியில் தாராக்கள் போயின. தாராக்கள் போகச் சனமும் போயிற்று. மறுபடி அவரும் காகமும்தான். வெயில் ஏற ஏறக் குளம் வற்றியது. வற்றிய இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்தது. சறோஜினிதேவி தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு மண்வெட்டியால் அந்த வெள்ளையைச் சுரண்டிச் சுரண்டி உரப்பையில் கட்டினார். சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு போய்க் கடலில் கொட்டினார். கோடை முழுக்க அதே வேலை. குடிக்கப் பவுசர்த் தண்ணீர். அந்தத் தண்ணீரில் தேநீர் போட்டால் ஸ்காபரோ நினைவு வந்தது, ஆகவே தேநீரையே விட்டுவிட்டார்.

மாரி வந்தது. குளம் நிரம்பி, வாய்க்காலால் வழிந்து, திரும்பவும் நிரம்பியது. கிணற்றில் தண்ணீர் மேலே ஏறியது. ஆனால் அவர் அதை வாயில் வைக்கவில்லை. உவராக இருந்தால் அந்தக் கணமே தான் கனடாக்காரி என்று அவருக்குத் தெரியும். தெரியாமல் இருக்கிற நாட்கள் எல்லாம் லாபம் என்று தள்ளிப்போட்டார்.

தாராக்கள் வந்தன. சறோஜினிதேவி படியில் குந்திக்கொண்டு அவற்றையே பார்த்தார். ஒன்றும் தலையை ஆட்டவில்லை. நன்றாக மேய்ந்தன, சிறகு கோதின, கண்கள் பளிச்சென்று இருந்தன. அட்டை இல்லையென்றால் தண்ணீரில் இன்னும் உப்பு நிற்கிறதோ என்று, அவற்றின் சுகத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பயம் கூடியது. உப்பு அட்டைக்கு ஆகாது என்று வினோஜா சொன்னது தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. போன மாரியில் எந்த அட்டையை நினைத்துச் சோறு இறங்கவில்லையோ, அந்த அட்டையைக் கேட்டு இந்த மாரியில் வைரவருக்கு விளக்கு வைத்தார். இதைவிட வெட்கங்கெட்ட வேண்டுதல் அந்தச் சூலம் கேட்டிருக்காது. மூக்கு அடைத்து அந்த வாயில்லாச் சீவன்கள் படும் பாடு தெரிந்துகொண்டே கேட்டார்.

மார்கழிப் பின்னேரம் ஒன்றில் ஒரு தாரா மேய்ச்சலை நிறுத்தியது. கழுத்தை உயர நீட்டியது. தலையை வெட்டிவெட்டி ஆட்டியது. காலைத் தூக்கி முகத்தோரத்தைச் சொறிந்தது.

சறோஜினிதேவி சேலையைச் சொருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். படியோரத்துக் கல் ஒன்றைப் புரட்டினார். கல்லின் அடியில், பச்சையும் கபிலமுமாக, ஒரு தாய் அட்டை வயிற்றில் குஞ்சுகளை ஒட்டவைத்துக்கொண்டு கிடந்தது. அவருக்கு உடம்பு கூசவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். மெத்தை எல்லாம் வேண்டாம் என்று இந்தத் தண்ணீருக்கே வந்துசேர்ந்த சீவன் என்று நினைத்துக்கொண்டார். கல்லை இருந்தபடியே மெல்லத் திருப்பி வைத்துவிட்டு நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு கை தண்ணீர் குடித்தார். பிறகு இன்னொரு கை குடித்தார்.

தொலைபேசி அடித்தது. அரியநாயகம்.

"என்ன மாதிரி சறோ? தண்ணி என்ன மாதிரி?"

"தாரா கும்பிடுது அண்ணை."

 அந்தப் பக்கத்தில் அண்ணர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அங்கே பனி தொடங்கிவிட்டது போலும்.

"அப்ப நீ அங்கையே இரு," என்றார் அவர். "நான் எல்லாருக்கும் சொல்லுறன்."

சறோஜினிதேவி தொலைபேசியைக் கிணற்றுக்கட்டில் வைத்தார். சூலத்துக்கு முதுகு காட்டி நின்று குளத்தைப் பார்த்துக் கைகூப்பினார். அந்தக் கோயிலில் அவர் மனமறிந்து கும்பிட்டது அன்றுதான். தாராக்களில் இன்னும் இரண்டு தலையை ஆட்டத் தொடங்கியிருந்தன. நாளைக்குப் போய் வினோஜாவிடம் மூக்குக்கு விடுகிற சொட்டுக்குப்பி ஒன்று வாங்கவேண்டும், ஏலாமல் கிடப்பதுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து விடவேண்டும்.

"குறை நினையாதேங்கோ பிள்ளையள்," என்று தாராக்களிடம் சொல்லிவிட்டு, தேநீருக்குத் தண்ணீர் அள்ளினார்.